வர்ணம் வந்த பிறகு

வர்ணத்தை விற்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருளை, வர்ணம் சிறிதும் இல்லாமல் பெற்று, அதில் ஒரு குறை இருப்பதாகவே தோன்றாமல் போற்றி வந்தவர்கள் யாரேனும் உண்டென்றால், 1980களின் மத்தியில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரைக் கண்டு களித்த எங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 1966ஆம் வருஷம் செப்டம்பர் 8ஆம் தேதி இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியபோது, அந்நிறுவனத்துக்குச் சொந்தக்காரரான ஆர்.சி.ஏ. கம்பெனி வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. பெட்டியை விற்பவருக்கே ஒளிபரப்பும் சொந்தமாக இருந்தால் நிகழ்ச்சிகள் எந்தக் கோலத்தில் அமையும் என்பதை ஊகிப்பதற்குப் பெரிய புத்தி வேண்டியதில்லை. எண்டர்பிரைஸ் என்னும் விண்கப்பலை நடத்துபவர்களுக்குப் பொன்னிறச் சட்டை, விஞ்ஞானிக்கும் வைத்தியருக்கும் நீலச் சட்டை, யந்திரம் பார்ப்பவர்களுக்கும் காவலர்களுக்கும் சிவப்புச் சட்டை என்று வகுத்து, சாம்பல் நிறச் சுவர்களின்மேல் ஊதாவும் பச்சையுமாக விளக்கொளியைப் பாய்ச்சி, போகிற கிரகங்களுக்கெல்லாம் வேறு வேறு நிறத்தில் வானத்தை மாற்றி மாற்றிக் காட்டியதில் கலையின் பங்கு எவ்வளவோ, வியாபாரத்தின் பங்கும் ஏறக்குறைய அவ்வளவு.

நாங்கள் அக்காலத்தில் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனமாக இருந்த வீட்டில், தொலைக்காட்சி என்பது வீட்டுக்காரருடைய கூடத்தில் மாத்திரமே உண்டு. இரண்டு மரக்கதவுகளை இரு பக்கமும் தள்ளித் திறக்க வேண்டிய கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. அதன் திரைக்கு முன்னால், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று யாரோ சொன்னதை நம்பி, நீல நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை அவர் மாட்டி வைத்திருந்தார். ஆகையால், கப்பல் தலைவரான கர்க், காது நுனி கூர்மையாக நீண்ட ஸ்பாக், எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கும் வைத்தியர் மக்காய், பெயர்கூடத் தெரியாமல் வந்து அடுத்த நிமிஷமே உயிரை விடும் காவலர் ஆகிய சகலரும், அவரவர்க்கென்று ஹாலிவுட்டில் வகுத்த நிறங்களைத் துறந்து, ஒரே நீலத்தில் மூழ்கியவர்களாகவே எங்களுக்குத் தரிசனம் தந்தார்கள்.

ஆங்கிலமும் எங்களுக்குப் பாதிதான் பிடிபட்டது. அந்தக் குறையைத் தீர்க்கச் சித்தப்பா இருந்தார். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில், ஜேம்ஸ் பிளிஷ் என்னும் எழுத்தாளர் இத்தொடரின் கதைகளையெல்லாம் சிறுகதைகளாக எழுதி வெளியிட்ட சின்னஞ்சிறு புத்தகங்களில் சிலவற்றை அவர் வாங்கி வைத்திருந்தபடியால், திரையில் நடக்கப்போவது என்ன என்பது அதில் நடிப்பவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஞானத்தைத் தமிழில் எங்கள் காதோடு காதாக ஓதிக்கொண்டே வருவார். “ஸார், கொஞ்சம் பொறுங்கோ, முடிவைச் சொல்லிடாதீங்கோ” என்று வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து கெஞ்சுவார். பாட்டிக்கோ கதையின் முடிவில் அக்கறை இல்லை. அவளுடைய கவனமெல்லாம் ஸ்பாக்கின் முகத்திலேயே இருந்தது.

“ஏண்டா, இந்தப் பிள்ளை ஏன் சிரிக்கவே மாட்டேங்கறான்? யாராவது ஏதாவது சொல்லிட்டாளா?”

“அவனுக்கு உணர்ச்சியே கிடையாதும்மா. அவா கிரகத்து வழக்கம் அப்படி.”

“உணர்ச்சி இல்லாதவனா அந்த டாக்டரோட இப்படி மல்லுக்கு நிக்கறான்?”

தொடரைப் பற்றி அதன் பிறகு நான் படித்த விமர்சனங்கள் அநேகம். பாட்டி அன்று போகிற போக்கில் கேட்டுவிட்ட கேள்விக்கு அப்பால் அவற்றில் எதுவும் அதிக தூரம் போய்விட்டதாக எனக்கு அபிப்பிராயம் இல்லை. கிரகங்களும் யுத்தங்களும் விசித்திரப் பிராணிகளும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்க, மாறாமல் நின்றது அந்த மல்லுக்கட்டுதான். ஒரு சங்கடம் வந்து சேரும். தர்க்கம் இன்னது செய் என்று ஸ்பாக்கின் வாயிலாகச் சொல்லும். ஈரநெஞ்சம் அப்படிச் செய்யலாகாது என்று மக்காயின் வாயிலாகக் கூச்சலிடும். இருவருக்கும் நடுவே நின்று, இரண்டில் எதையும் முழுக்க ஏற்காமலும் முழுக்கத் தள்ளாமலும் முடிவு செய்ய வேண்டியவனாகக் கர்க் இருப்பான். இதை விளங்கிக்கொள்வதற்கு வர்ணம் தேவைப்படவில்லை. பாட்டியைப் பொறுத்தமட்டில் பாஷையுமே தேவைப்படவில்லை.

இருபது வருஷங்கள் கழிந்த பின், தொடரின் மூன்று பருவங்களும் டி.வி.டி. தட்டுகளாக என் கைக்கு வந்தன. 2004ஆம் வருஷத்தில் வெளியான அந்தத் தொகுப்பின் உறைகளே மஞ்சள், நீலம், சிவப்பு என்று மூன்று சட்டைகளின் நிறத்தில் அமைந்த பிளாஸ்டிக் பெட்டிகள். அமெரிக்காவிலிருந்து ஒரு மருமான் அன்போடு கொண்டுவந்து கொடுத்தவை அவை. கொடுத்ததோடு அவன் கடமை தீர்ந்தது, எங்கள் சோதனை ஆரம்பமாயிற்று. தட்டு விற்கும் கம்பெனிகள் உலகத்தை மண்டலங்களாகப் பங்கு போட்டுக்கொண்டு, அமெரிக்காவுக்கு 1 என்றும் நமக்கு 5 என்றும் இலக்கமிட்டு, ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடாதபடி பூட்டி வைத்திருந்தன. நட்சத்திரங்களுக்கிடையே தடையின்றிப் போகும் கப்பலைப் பற்றிய கதை, பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டியவுடன் ஓட மறுத்ததை நினைத்து நான் சிரித்தேன்; சிரித்துவிட்டு, ரிச்சி தெருவில் எந்த மண்டலத்துத் தட்டையும் ஓட்டக்கூடிய கருவி ஒன்றை விசாரித்து வாங்கி வந்தேன்.

வர்ணம் முதலில் திகைப்பைத்தான் தந்தது. வீட்டுக்காரரின் நீலத் தகட்டுக்குள் கம்பீரமாகத் தெரிந்த பாறைகளெல்லாம், இப்போது செக்கச்செவேலென்ற வானத்தின் கீழ், நாடகக் கொட்டகைப் பாறைகளாகவே பிரத்தியட்சமாயின. பொன் என்று நான் எண்ணிய தலைவன் சட்டை உண்மையில் பச்சைச் சாயை கொண்ட துணி என்பதும், ஸ்டூடியோ விளக்குகளும் படச்சுருளும் சேர்ந்தே அதைப் பொன்னாக்கிவிட்டன என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. வர்ணம் சொல்வதெல்லாம் சத்தியம் அன்று என்பதற்கு அந்தச் சட்டையே போதுமான சாட்சி. சிவப்புச் சட்டையின் சங்கதி இன்னும் சுவாரஸ்யமானது. புதிய கிரகத்தில் இறங்கும் கூட்டத்தில் அறிமுகமில்லாத ஒருவன் சிவப்புச் சட்டையோடு நின்றால் அவன் ஆயுள் அன்றோடு முடிந்தது என்பது அமெரிக்க ரசிகர்களிடையே பெரிய வேடிக்கை. தலைமை யந்திரியான ஸ்காட்டியும், செய்தித் தொடர்பு அதிகாரியான உஹுராவும் அதே சிவப்பை உடுத்திக்கொண்டு கடைசிவரை சௌக்கியமாகவே இருந்தார்கள் என்பதை அந்த வேடிக்கைக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுவது வழக்கம். எங்களுக்கு அந்த வேடிக்கையே கிடைக்கவில்லை. எந்தச் சட்டை என்று தெரியாததனால், யார் சாவான் என்பதும் தெரியாது. ஆகவே, எல்லோருக்காகவும் சமமாகப் பயந்தோம். இதை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

தட்டுகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலானபோது, பணமில்லாத சாதுர்யம் ஒன்று காட்சிக்குக் காட்சி வெளிப்பட்டது. டெஸிலு என்னும் ஸ்டூடியோ, ஹாஸ்ய நடிகை லூசில் பாலின் தலைமையில் நடந்துவந்தது. அங்கே ஓர் அத்தியாயத்தைப் படம் பிடிக்க ஏறக்குறைய ஆறு நாள் அவகாசம். வாரந்தோறும் ஒரு கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டப் பணம் போதாது என்பதனாலேயே, மனிதனை அணு அணுவாகப் பிரித்து ஒளிக்கதிராக அனுப்பும் யந்திரம் கதைக்குள் பிறந்தது. அந்த ஒளித்திவலைகளோ, கறுப்புத் திரைக்கு முன்னால் அலுமினியத் தூளைக் கொட்டி, அதன்மேல் விளக்கடித்து, மெதுவாக விழச் செய்து எடுத்த படம். கிட்டே போனால் தாமே திறக்கும் கதவுகளுக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். முதலில் ஒளிபரப்பான கதையில் உப்பைத் தின்னும் பிராணி ஒன்று வருகிறது. அதற்கென்று விசித்திர வடிவத்தில் உப்புக் குப்பிகள் வாங்கி வந்தார்களாம். உப்புக் குப்பி என்று ஜனங்கள் கண்டுகொள்ள மாட்டார்களே என்று பயந்து, அவற்றை வைத்தியர் மக்காயின் சிகிச்சைக் கருவிகளாக மாற்றிவிட்டார்கள். உருப்பெருக்கித் தெளிவோடு தட்டில் பார்க்கும்போது, விண்வெளி வைத்திய சாஸ்திரத்தின் மகோன்னதமான கருவி நோயாளியின் மார்பின்மேல் மெல்ல ரீங்கரிப்பதும், அது உப்புக் குப்பியே என்பதும் ஒரே சமயத்தில் மனத்தில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

சிவப்புப் பெட்டியின் கடைசியில், நாங்கள் ஒருநாளும் கண்டிராத ஒரு படம் இருந்தது. தொடரைச் சிருஷ்டித்த ஜீன் ராடன்பெரி 1964–65இல் முன்னோட்டமாக எடுத்துக் கொடுத்த ‘தி கேஜ்’ என்னும் கதை அது. மூளைக்கு அதிகம், விறுவிறுப்புக்குக் குறைவு என்று அதை என்.பி.சி. தள்ளிவிட்டு, வேறொன்றை எடுத்துவரச் சொன்னது. தள்ளுண்ட படத்தைப் பின்னால் வெட்டி ஒட்டி, முதல் பருவத்தின் இரண்டு பாகக் கதையொன்றுக்குள் நுழைத்துவிட்டார்கள். வெட்டியதில் மிச்சம் தொலைந்துவிட்டதென்று பல காலம் நம்பப்பட்டது. அதனால் 1986இல் வீடியோ கேஸட்டாக முதன்முதலாக வெளியானபோது, கிடைத்த வர்ணத் துண்டுகளுக்கு இடையிடையே, ராடன்பெரியிடம் இருந்த கறுப்பு வெள்ளைப் பிரதியைச் சேர்த்து இட்டு நிரப்பினார்கள். முழு வர்ணப்படம் பிற்பாடு அகப்பட்டு 1988இல் ஒளிபரப்பாயிற்று. என் பெட்டியில் இரண்டு வடிவங்களும் இருந்தன. ஒரே காட்சி வர்ணத்தில் தொடங்கிக் கறுப்பு வெள்ளையில் தடுமாறி மறுபடியும் வர்ணத்துக்கு ஏறும் அந்த ஒட்டுப்போட்ட வடிவத்தின்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம்.

அந்தப் படத்தில் கப்பல் தலைவர் கர்க் அல்லர். பைக் என்னும் வேறொருவர். அவருக்கு அடுத்த ஸ்தானத்தில், உணர்ச்சியை வெளிக்காட்டாத ஒரு ஸ்திரீ. ஸ்பாக்கும் இருக்கிறான். இறங்கிய கிரகத்தில் நீல இலைகள் சில காற்றில் அதிர்ந்து பாடுகின்றன. அவற்றை விரலால் பிடித்துப் பார்க்கும் ஸ்பாக், வாய் நிறையச் சிரிக்கிறான்! ஒளிபரப்புக்காரர்களுக்கு அந்தப் பெண் அதிகாரி வேண்டாமென்றாக, அவளிடமிருந்த நிர்விகாரம் பிற்பாடு ஸ்பாக்குக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. அன்றோடு அவன் சிரிப்பும் போயிற்று. பாட்டி அப்போது காலமாகி வெகு நாளாகியிருந்தது. இருந்திருந்தால், யாரோ ஏதோ சொல்லித்தான் இந்தப் பிள்ளை சிரிப்பை விட்டான் என்ற அவளுடைய சந்தேகம் முற்றிலும் நியாயமானதே என்று காட்டியிருப்பேன்.

நீலத் தகடு எதையும் களவாடாத ஒரு கதையும் உண்டு. 1969 ஜனவரியில் வெளியான ‘லெட் தட் பீ யுவர் லாஸ்ட் பாட்டில்ஃபீல்டு’ என்பதில், முகத்தில் ஒரு பாதி கறுப்பும் மறு பாதி வெள்ளையுமான இருவர் ஒருவரையொருவர் தீராத வன்மத்தோடு துரத்துகிறார்கள். இருவரும் ஒரே மாதிரிதானே என்று கர்க் விழிக்கிறான். துரத்துபவனுக்கு ஒரே ஆத்திரம். தனக்கு வலப்பாதி கறுப்பு, அவனுக்கு இடப்பாதி கறுப்பு என்பது இந்தக் குருடர்களுக்குத் தெரியவில்லையே என்கிறான். வீட்டுக்காரர் கூடத்தில் அன்று சற்று நேரம் பேச்சே எழவில்லை. விளக்கம் கேட்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் ஏற்படவில்லை. இப்போது திரும்பப் பார்க்கையில் உபதேசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. கடைசியில் இருவரும் கப்பலின் நடைகளில் ஓடுவதும், எரியும் நகரங்களின் பழைய படங்களை அவர்கள்மேல் பதிய வைத்திருப்பதும் அளவுக்கு மீறி நீள்கின்றன. ஆனாலும், கறுப்பினப் பெண்ணொருத்தி அதிகாரியாக உட்கார்ந்திருப்பதே அதிசயமாக இருந்த ஒரு தேசத்தில், உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் விலகிவிட நினைத்தபோது மார்ட்டின் லூதர் கிங்கே போகலாகாதென்று தடுத்ததாக அவர் சொல்லிவந்த ஒரு காலத்தில், உபதேசம் தூக்கலாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாவற்றிலும் மேலாக நான் மதிப்பது, ஜீன் கூன் எழுதி 1967 மார்ச்சில் வெளியான ‘தி டெவில் இன் தி டார்க்’ என்னும் கதையை. ஜானஸ் 6 என்னும் கிரகத்தின் சுரங்கங்களில், பாறையையே அமிலத்தால் அரித்துக்கொண்டு போகும் ஏதோவொரு ஜந்து, தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறது. சுரங்க அதிகாரியின் மேஜைமேல் உருண்டையான கல் ஒன்று இருக்கிறது. கீழ்த் தளத்தில் அவை ஆயிரக்கணக்கில் கிடப்பதாகவும், எதற்கும் உபயோகமில்லை என்றும் அவர் சொல்கிறார். பார்ப்பவன் அந்தக் கல்லைக் கடந்து போய்விடுகிறான். ஹோர்ட்டா என்னும் அந்த ஜந்து கடைசியில் காயத்தோடு ஒரு குகையில் அகப்படுகிறது. ஸ்பாக் அதன்மேல் கையை வைத்து அதன் மனத்தோடு தன் மனத்தைச் சேர்க்கிறான். அதன் வேதனை இவன் வாய் வழியாக ஓலமாக வெளிப்படுகிறது. உபயோகமில்லாத கற்கள் என்று சுரங்கக்காரர்கள் உடைத்துத் தள்ளியவையெல்லாம் அதன் முட்டைகள். கொலைகாரப் பூதம் என்று வேட்டையாடப்பட்டது, தன் சந்ததியின் கடைசி முட்டைகளைக் காக்கப் போராடிய ஒரு தாய். அப்புறம் மக்காய், தான் வைத்தியனே ஒழியக் கொத்தன் அல்லன் என்று சலித்துக்கொண்டே, சிமெண்டைக் குழைத்துப் பூசி அந்தக் காயத்தை ஆற்றுகிறார்.

தட்டின் தெளிவில் அந்த ஹோர்ட்டா, ரப்பர்ப் போர்வைக்குள் யானோஷ் புரோஹாஸ்கா என்னும் ஹங்கேரிய நடிகர் தவழ்வதுதான் என்பது எவருக்கும் தெரியும்; தரையில் உரசும் விளிம்புகூடத் தெரிகிறது. சாதம் குழைந்து ஆறிப்போய்ப் பாத்திரத்தோடு கவிழ்ந்த மாதிரி இருக்கிறது அதன் உருவம். அப்படியிருந்தும், ஸ்பாக்காக நடித்த லெனர்டு நிமாய் அதன்மேல் விரல்களைப் பதித்து ஓலமிடும் அந்தக் கட்டத்தில், அறையில் என்னோடு உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த என் மகள் அதைக் கீழே வைத்துவிட்டாள். இக்கதையைப் படம்பிடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்குத் தம் தகப்பனார் இறந்த செய்தி வந்தது. எடுத்துக்கொண்டிருந்த காட்சியை முடித்துக் கொடுத்துவிட்டே அவர் ஊருக்குப் புறப்பட்டாராம். இது தெரிந்த பிறகு, அந்தக் குகையில் அவர் பேசுவதைப் பழைய மாதிரி கேட்க முடிவதில்லை.

2006இல் ஒரு காரியம் செய்தார்கள். மூலப் படச்சுருளிலிருந்து தொடரைப் புதிதாகத் துலக்கி எடுத்ததோடு நில்லாமல், பழைய விண்வெளிக் காட்சிகளையெல்லாம் எடுத்துவிட்டு, கணினியில் வரைந்த கப்பலையும் கிரகங்களையும் புகுத்தினார்கள். 2009இல் வந்த ப்ளூ-ரே தட்டுகளில் இரண்டும் உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பழையது புதியதாகும், மறுபடி அமுக்கினால் புதியது பழையதாகும். என் மகள் புதியதன் கட்சி. அவள் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை: புதிய கிரகங்களில் மேகம் மிதக்கிறது, கப்பல் நினைத்த பக்கமெல்லாம் திரும்புகிறது. பழைய கப்பல் அப்படித் திரும்பாது. மரம் முதலியவற்றால் 11 அடி நீளத்தில் செய்த மாதிரி அது. இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் மியூஸியத்தில் இருக்கிறது. உள்ளே விளக்கெரிக்க வேண்டிய கம்பிகளெல்லாம் இடப்புறமாக நுழைந்தபடியால், அந்தப் பக்கத்தைப் பூர்த்தி செய்யவேயில்லை. ஆகவே எண்டர்பிரைஸ் தன் வலப்பக்கத்தையே உலகத்துக்குக் காட்டிக்கொண்டு, எடுத்த காட்சிகளையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, மூன்று பருவங்களையும் கடந்தது.

அப்படியிருந்தும் என் ஓட்டு பழையதற்குத்தான். புதிய கப்பல் வழுவழுவென்று வந்து நின்றதும், அதற்குள்ளே இருக்கும் மனிதர்கள், கயிறு இழுத்துத் திறக்கும் கதவுகளோடும் உப்புக் குப்பிகளோடும், திடீரென்று ஏழைகளாகிவிடுகிறார்கள். பழைய கப்பலும் அந்த மனிதர்களும் ஒரே சம்பளப் பட்டியலைச் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் காட்டிக் கொடுப்பதில்லை.

தொடர் நின்றுபோன வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. இரண்டாம் பருவத்தோடு நிறுத்த இருந்ததை ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்துத் தடுத்தார்கள். மூன்றாம் பருவத்தில் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளி, பணத்தையும் குறைத்துவிட்டார்கள். 79 கதைகளோடு 1969 ஜூன் 3ஆம் தேதி எல்லாம் முடிந்தது. பணம் குறைந்ததைவிடக் கதைக்குப் பஞ்சம் வந்ததே மூன்றாம் பருவத்தின் பெரிய குறை என்பது என் எண்ணம்.

வாசகர்களில் யாருக்கேனும் இந்தத் தட்டுகள் அகப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் ஒழிந்தால், ஹோர்ட்டாவிலிருந்து ஆரம்பியுங்கள். பொத்தானை அமுக்கிப் பழைய காட்சிகளையே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், ஆங்கிலம் தெரிய வேண்டுமென்பதில்லை. மூன்றாம் பருவத்தின் முதல் கதையில் ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள். அதை மாத்திரம் தாண்டிப் போய்விடுங்கள்.